தைத் திங்களில் பறவைக் கணக்கு
(உறுப்பினர் கல்விப் பாடம்)

கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் ஆண்டு முடிவில் தன் இருப்பைச் சரிபார்க்கிறது. நெசவாளர் சங்கமாயின் நூற்கட்டுகளையும் நெய்த துணிகளையும் எண்ணுகிறோம். விவசாயிகள் சங்கமாயின் உர மூட்டைகளையும் விதைகளையும் எண்ணுகிறோம். எண்ணிக் கண்ட தொகையை இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறோம். குறைவு தென்பட்டால் அதற்குக் காரணம் கேட்கிறோம். பதிவேடே இல்லாத இடத்தில் குறைவைப் பற்றிப் பேச வழியில்லை. அங்கே எஞ்சுவன மனக்குறையும் சச்சரவுமேயாகும்.

நம் ஊர் ஏரியும் வயலும் பெற்றிருக்கும் செல்வங்களுள் பதிவேடு காணாத செல்வம் ஒன்று உண்டு. அது பறவைச் செல்வம். “முன்போல் பறவைகள் வருவதில்லை” என்று முதியோர் சொல்லாத ஊரை நாம் கண்டதில்லை. எந்தப் பறவை குறைந்தது, எந்த ஆண்டிலிருந்து குறைந்தது, எத்தனைக்கு எத்தனை குறைந்தது என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் எவரிடமும் விடை இராது. இக்குறையை நீக்கும் எளிய வழியொன்று உலகின் பல பகுதிகளிலும் நம் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் இருக்கிறது. அதுவே குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு. அதன் வரலாற்றையும் முறையையும், அதில் சங்க உறுப்பினர்கள் பங்குகொள்ள வேண்டியதன் காரணத்தையும் இப்பாடத்தில் காண்போம்.

1. இம்முறை தோன்றிய வரலாறு

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் மக்கள் அணி அணியாகப் பிரிந்து துப்பாக்கிகளுடன் புறப்படுவர். எந்த அணி மிகுதியான பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துகிறதோ அந்த அணியே வென்றதாகக் கொள்ளப்படும். பறவையியல் அறிஞரான ஃபிராங்க் சாப்மன் இதற்கு மாற்றொன்றை முன்வைத்தார். அதே நாளில் பறவைகளைச் சுடாமல் எண்ணுவோம் என்பதே அவர் கூறிய யோசனை. 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் 27 பேர், 25 இடங்களில் முதற் கணக்கை எடுத்தனர். அன்று தொடங்கிய பணி இன்றுவரை ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. இன்று அதில் பங்குகொள்வோர் பல்லாயிரவர். 27 பேரின் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பதிவேடாக வளர்ந்தது எவ்வாறு என்பதைக் கூட்டுறவாளருக்கு விளக்க வேண்டியதில்லை. சிறு பங்குகள் சேர்ந்து மூலதனமாவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரித் திங்களில் நடத்தப்பட்டு வருகிறது. தாமிரவருணிப் பாசனப் பகுதியில் குளங்களின் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்கள் 2011 முதல் எண்ணி வருகின்றனர். தமிழ்நாடு முழுமைக்கும் உரிய ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ 2015-இல் தொடங்கியது. பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் எவரும் தம் வீட்டு முற்றத்திலோ, வயலிலோ, ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து அனுப்பலாம். அறிஞர்களுக்கு மட்டும் உரிய பணியன்று இது. கட்டணமும் இல்லை, பட்டமும் வேண்டா.

2. குளிர்காலத்தைத் தேர்ந்தது ஏன்?

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஏரிகளை நிரப்புகிறது. மார்கழி, தையில் நீர் சிறிது வடியத் தொடங்கும்போது கரையோரங்களில் சேற்று நிலம் வெளிப்படுகிறது. அச்சேற்றில் புழுவும் நத்தையும் சிறு மீனும் மிகுதி. இதே காலத்தில் நடு ஆசியாவிலும் வட ஆசியாவிலும் நீர்நிலைகள் உறைந்துவிடுகின்றன. அங்கு இரை இழந்த பறவைகள் தெற்கு நோக்கி வருகின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, பலவகை உள்ளான்கள், தகைவிலான், மஞ்சள் வாலாட்டி ஆகியன இவ்வாறு நம் ஊர்களுக்கு வரும் விருந்தினர். மங்கோலியாவிலும் திபெத்திய மேட்டு நிலத்திலும் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகிறது.

ஆகவே ஊரில் வாழும் பறவைகளையும் வந்து தங்கும் பறவைகளையும் ஒருசேரக் காண்பதற்கு ஏற்ற காலம் தை மாதமே. பங்குனி, சித்திரையில் விருந்தினர் விடைபெற்றுவிடுவர். மேலும் பொங்கலின்போது தறிக்கும் ஓய்வு, ஏருக்கும் ஓய்வு. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊர் முழுவதும் ஊரிலேயே இருக்கும் நாட்கள் அவை.

3. எண்ணுவதால் என்ன பயன்?

“எண்ணினால் பறவை பெருகிவிடுமா?” என்று கேட்கும் உறுப்பினர்கள் உளர். பெருகாது. எண்ணாவிடில் நேரும் இழப்பை ஒரு மெய்யான நிகழ்ச்சி காட்டும்.

பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் மிகுதியாக வாழ்ந்தன. இறந்த மாடுகளை அவை சில மணி நேரத்தில் தின்று தீர்த்து, ஊரைத் தூய்மையாக வைத்தன. 1990-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் நாட்டின் பல பகுதிகளில் சாலை வழியே சென்று கழுகுகளை எண்ணியிருந்தனர். 2000-இல் அதே வழிகளில் மீண்டும் எண்ணியபோது, 100-க்கு 90-க்கும் மேல் குறைந்திருப்பது தெரிந்தது. மாடுகளின் வலி தீர்க்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தே இதற்குக் காரணம் என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மருந்து செலுத்தப்பட்டு இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006-இல் தடை செய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் இக்கழுகுகள் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான்.

இதில் நாம் கருதத்தக்கது யாது? முதற் கணக்கு இல்லாதிருந்தால் இரண்டாவது கணக்குக்குப் பொருள் இருந்திராது. “கழுகுகளைக் காணோமே” என்ற பேச்சோடு செய்தி முடிந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் ஒன்று கையில் இருந்தமையால்தான் காரணத்தைத் தேடினர், கண்டனர், தடுத்தனர். கணக்கு இன்னும் சில ஆண்டுகள் முன்னரே, இடைவிடாது எடுக்கப்பட்டிருந்தால் தடையும் முன்னரே வந்திருக்கலாம்.

2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு மூலப்பொருள், 30,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் அளித்த குறிப்புகளே. நீண்ட காலப் போக்கைக் கணிக்கக்கூடிய 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்து வருகின்றன என்று அது கூறுகிறது. நம் வயலோரக் கம்பிகளில் அமர்ந்து பூச்சிகளைப் பிடிக்கும் பனங்காடையும் குறைந்துவரும் பறவைகளுள் ஒன்று.

பறவைக்கும் உழவுக்கும் உள்ள தொடர்பு உறுப்பினர்கள் அறியாததன்று. உழும்போது பின்னால் வரும் உண்ணிக்கொக்கு புழுவையும் வெட்டுக்கிளியையும் தின்கிறது. நத்தைகுத்தி நாரை நெல்வயலின் நத்தையைத் தின்கிறது. கூகை இரவெல்லாம் எலி பிடிக்கிறது. கரிச்சான் அமர்வதற்காக வயலில் குச்சி நடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள், பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை உணர்ந்து, அங்குப் பறவைகளை எவரும் சுடக்கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில அதிகாரிகளிடம் உறுதி பெற்றனர். 1858-இல் அதனைப் புதுப்பித்துக்கொண்டனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. உழவர்கள் தாமே கூடி எடுத்த முடிவுகள் இவை.

4. கணக்கெடுக்கும் முறை

முறை எளிது. ஆயினும் ஒழுங்கு தேவை. கீழ்க்கண்டவற்றை வரிசையாகக் கடைப்பிடித்தல் வேண்டும்.

(அ) இருவர் செல்க. ஒருவர் பார்த்து எண்ணட்டும், மற்றவர் எழுதட்டும். கிடங்கில் இருப்பெடுக்கும்போது நாம் கைக்கொள்ளும் வழக்கமே இது.

(ஆ) சூரியன் உதித்த பின் முதல் இரண்டு மணி நேரம் சிறந்தது. பறவைகள் இரை தேடுவதும் குரல் கொடுப்பதும் அப்போதுதான்.

(இ) எண்ணத் தொடங்குமுன் நாள், இடம், தொடங்கிய நேரம் ஆகியவற்றை எழுதுக. முடிந்ததும் முடிந்த நேரம், நடந்த தொலைவு, எண்ணியவர் எத்தனை பேர் என்பவற்றைச் சேர்க்க. இவை இல்லாத பட்டியல், தேதியில்லாத ரசீதை ஒக்கும்.

(ஈ) அறிந்த பறவைகள் அனைத்தையும் எழுதுக. அரிய பறவையை மட்டும் எழுதிக் காக்கையையும் மைனாவையும் விட்டுவிடுதல் பெருங்குறை. பட்டியல் முழுமையாக இருந்தால்தான் அதில் இல்லாத பறவை, அன்று காணப்படாத பறவை என்று கொள்ள முடியும். “இல்லை” என்பதும் ஒரு செய்தி.

(உ) ஐயமுள்ள பறவையைத் துணிந்து பெயரிட வேண்டா. “வாத்து, இனம் தெரியவில்லை” என்று எழுதுவது நேர்மை. நெசவாளர்களுக்கு இங்கு ஒரு சிறப்பு உண்டு. கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும், அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும் வேறுபாடு காணப் பழகிய கண்கள் அவர்களுடையன. அமர்ந்திருக்கையில் மங்கலாகத் தோன்றும் பனங்காடை, சிறகை விரித்ததும் காட்டும் இருவகை நீலத்தை அவர்கள் ஒருமுறை கண்டால் மறவார்.

(ஊ) பெருங்கூட்டத்தைத் தொகுதி தொகுதியாக எண்ணுக. 40-ஆம் நம்பர் நூலில் ஒரு ராத்தலுக்கு 40 சிட்டம். ஆகவே 10 ராத்தல் கட்டில் 400 சிட்டம். சரிபார்க்கும்போது கட்டுகளை எண்ணிப் பெருக்குகிறோமேயன்றி ஒவ்வொரு சிட்டத்தையும் பிரித்து எண்ணுவதில்லை. பறவைக்கும் அவ்வாறே செய்க. கூட்டத்தின் ஓரத்தில் 10 பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடம் கொள்கின்றன என்று மனத்தில் கொள்க. அதே அளவான தொகுதிகள் முழுக்கூட்டத்திலும் எத்தனை என்று காண்க. 23 தொகுதிகள் இருந்தால் ஏறத்தாழ 230 பறவைகள். கூட்டம் மிகப் பெரிதாயின் 10-க்குப் பதில் 50 அல்லது 100-ஐத் தொகுதியாகக் கொள்ளலாம். இருவரும் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் பிழை குறையும்.

(எ) ஒரே பறவையை இருமுறை எண்ணாதபடி ஒரு திசையிலிருந்து மறு திசைக்குச் செல்க. முன்னே பறந்து சென்று அமர்ந்த கூட்டத்தை மீண்டும் சேர்க்க வேண்டா.

(ஏ) கூடு கட்டியுள்ள மரங்களை நெருங்க வேண்டா. தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். கூடுகளின் இடத்தைப் பலர் அறியப் பறைசாற்றுவதும் தகாது.

எடுத்த பட்டியலை ‘இபேர்ட்’ என்னும் இணையப் பதிவேட்டில் கைப்பேசி வழியாகச் சேர்க்கலாம். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் இதை ஒரு நாழிகையில் கற்றுக்கொள்வர். ஆயினும் தாளில் எழுதிய மூலப்பட்டியல் சங்கத்தில் இருத்தல் நலம்.

5. கணக்கைப் படிக்கும் முறை

எண்ணுவதினும் அரியது, எண்ணியதைச் சரியாகப் படிப்பது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம்.

ஓர் ஊரில் முதலாண்டு 10 பட்டியல்கள் எடுத்தனர். அவற்றுள் 3-இல் பனங்காடை இருந்தது. மறு ஆண்டு ஆர்வம் மிகுந்து 40 பட்டியல்கள் எடுத்தனர். அவற்றுள் 8-இல் பனங்காடை இருந்தது. “3 முறை கண்டது 8 முறையாயிற்று, பறவை பெருகிவிட்டது” என்று மகிழலாமா? கூடாது. முதலாண்டு 100-க்கு 30 பட்டியல்களில் கண்ட பறவை, மறு ஆண்டு 100-க்கு 20 பட்டியல்களில்தான் காணப்பட்டது. பெருகியது உழைப்பே, பறவையன்று. கடன் தொகை பெருகியதை மட்டும் பார்த்து சங்கம் வளர்ந்ததென்று மகிழாமல், தவணை கடந்த பாக்கி 100-க்கு எத்தனை என்று நாம் கேட்பதில்லையா? அதுபோன்றதே இது.

இன்னோர் எச்சரிக்கை. 30 என்பது 20 ஆனவுடன் பறவை அழிகிறது என்று முடிவு கட்டுவதும் அவசரமாகும். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டு பறவைகள் வேறிடம் சென்றிருக்கலாம். மிகுதியாகப் பெய்த ஆண்டில் ஏரிதோறும் நீர் நிறைந்து அவை பரவிச் சென்றிருக்கலாம். ஆகவே பட்டியலின் ஓரத்தில் ஏரியின் நீர்மட்டத்தையும் எழுதி வைக்க வேண்டும். அதே இடங்களில், அதே நாட்களில், அதே முறையில் பல ஆண்டுகள் தொடர்ந்த பின்னரே போக்கு விளங்கும். ஓராண்டின் கணக்கு விதை. பத்தாண்டுக் கணக்கே விளைச்சல்.

6. உறுப்பினர்கள் எழுப்பும் ஐயங்கள்

நாம் சங்கங்களில் இதுபற்றிப் பேசும்போது மூன்று ஐயங்கள் எழுகின்றன. அவற்றை மறைத்துவிட்டு மேலே செல்வது முறையன்று.

முதலாவது: “பறவை மிகுதி என்று எழுதிக் கொடுத்தால் ஏரியைச் சரணாலயமாக்கி, நாம் வண்டல் எடுப்பதையும் மீன் பிடிப்பதையும் தடுத்துவிடுவார்களே?” இந்த அச்சம் வெறும் கற்பனையன்று, ஏரியை நம்பி வாழ்வோருக்கு இயல்பாக எழுவது. ஆனால் பட்டியல் அனுப்புவதனால் எந்த ஏரியும் சரணாலயமாகிவிடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் தனி நடைமுறை வகுத்திருக்கிறது. மக்களுக்கு அவ்விடத்தில் உள்ள உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்து அறிவதும் அந்நடைமுறையில் அடங்கும். அத்தகைய விசாரணை எப்போதேனும் வருமாயின், கையில் கணக்கு வைத்திருக்கும் ஊரின் சொல் ஏறுமா, கணக்கில்லாத ஊரின் சொல் ஏறுமா என்று எண்ணிப் பாருங்கள். வண்டல் எடுத்த ஆண்டுகளிலும் பறவைகள் குறையாமல் வந்தன என்று காட்டுவதற்கும் நம் கணக்கே சான்றாகும். ஏரியை ஆக்கிரமிப்பவரையும் அதில் கழிவு விடுபவரையும் எதிர்த்து மனுக் கொடுக்கும்போதும் அதே கணக்கு உதவும்.

இரண்டாவது: “மயில் எங்கள் பயிரை அழிக்கிறது; கிளியும் சில்லையும் கதிரைத் தின்கின்றன. அவற்றை ஏன் எண்ண வேண்டும்?” அவற்றையும் எண்ணத்தான் வேண்டும். கணக்குக்கு நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை. மயில் பெருகிவருகிறது என்பதை 2023-ஆம் ஆண்டின் அறிக்கை ஏற்றுக் கூறுகிறது. விவசாயியின் முறையீட்டுக்கு வலிமை தருவது இத்தகைய எண்தான். ஆனால் இழப்பீட்டை நோக்கி மயிலின் எண்ணிக்கையைக் கூட்டி எழுதுவதோ, சரணாலய அச்சத்தால் நாரையின் எண்ணிக்கையைக் குறைத்து எழுதுவதோ ஒருபோதும் கூடாது. பொய்க்கணக்கு ஒருமுறை புகுந்தால், மெய்யான வரிகளையும் எவரும் நம்பமாட்டார். கூட்டுறவு இயக்கம் இதை நன்கு அறியும்.

மூன்றாவது: “எங்களுக்கு இது எதற்கு? தறியில் அமர்ந்தால்தானே கூலி?” நியாயமான வினா. வேலை நாளில் எவரையும் அழைக்க வேண்டா. பொங்கல் விடுமுறையில் ஒரு காலை, 15 நிமிடம் போதும். அத்துடன், சாயப்பட்டறைக் கழிவு எங்குச் சென்று சேர்கிறது என்பது நெசவாளருக்கும் உழவருக்கும் இடையே பல ஊர்களில் தீராத வழக்காக உள்ளது. ஏரியின் நிலையை இருசாராரும் ஒன்றாக நின்று பார்த்து, ஒரே தாளில் கையெழுத்திடும் வழக்கம் ஏற்படுமானால் அவ்வழக்கும் பேசித் தீர்க்கத்தக்கதாகும். ஒருவர் எடுத்த கணக்கை மற்றவர் மறுக்கலாம். இருவரும் சேர்ந்து எடுத்த கணக்கை மறுப்பவர் யார்?

7. சங்கம் செய்யத்தக்கவை

அகில உலகக் கூட்டுறவுக் கூட்டணி 1995-இல் வகுத்த ஏழு கோட்பாடுகளில் ஐந்தாவது, உறுப்பினர் கல்வி. ஏழாவது, சமுதாயத்தின்பால் அக்கறை. இப்பணி இரண்டிலும் அடங்கும். நிர்வாகக் குழுவினர் கீழ்க்கண்டவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

ஒன்று, மார்கழியில் ஒரு மாலை உறுப்பினர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் கூட்டி, ஊரில் காணும் 30 பறவைகளின் பெயர்களை எழுதுதல். ஊர்வழக்குப் பெயர்களை அவ்வாறே எழுதுக. அவையும் காக்கத்தக்க செல்வமே. இரண்டு, ஏரிக்கரை, வயல், தோப்பு, தெரு என நான்கு இடங்களைத் தேர்ந்து ஆண்டுதோறும் அவற்றையே எண்ணுதல். மூன்று, ‘பறவை இருப்புப் பதிவேடு’ ஒன்று தொடங்கி, பட்டியல்களை வரிசையாக ஒட்டி வைத்தல். நான்கு, மகாசபையில் ஆண்டறிக்கையோடு அதன் சுருக்கத்தையும் படித்தல். மடை திறப்போர், ஆடு மேய்ப்போர், மீன் பிடிப்போர் ஆகியோரே ஏரியை நன்கு அறிந்தவர்கள். அவர்களை அழைக்காமல் எடுக்கும் கணக்கு அரைக் கணக்கேயாகும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலுமே செலவு. இருநோக்கி ஒன்று வாங்க இயன்றால் நன்று. இயலாவிடில் கண்ணே போதும். நம் காலத்துக்குப் பின் இவ்வேரிக்கரையில் நிற்கப்போகும் உறுப்பினர்களுக்கு நாம் விட்டுச் செல்வது மனக்குறையாக இராமல், தேதியும் கையெழுத்தும் உள்ள கணக்காக இருக்கட்டும்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. பட்டியலில் எல்லாப் பறவைகளையும் எழுத வேண்டும் என்பது ஏன்?

2. ஓர் ஊரில் முதலாண்டு 20 பட்டியல்களில் 12-இலும், மறு ஆண்டு 50 பட்டியல்களில் 25-இலும் மடையான் காணப்பட்டது. பறவை கூடிற்றா, குறைந்ததா? உறுதியாகக் கூற இன்னும் என்னென்ன அறிய வேண்டும்?

3. கழுகுகளின் நிகழ்ச்சியில் பழைய கணக்கு எவ்வாறு உதவிற்று? நம் ஊரில் இன்று எந்தப் பறவைக்கு அத்தகைய முதற் கணக்குத் தேவை?

4. நம் ஏரியைப் பற்றி நெசவாளருக்கும் உழவருக்கும் பொதுவான கவலைகள் யாவை? அவற்றைக் கணக்கில் குறிக்க வழி யாது?